12-ஆம் வகுப்புக்கு முந்தைய கோடை விடுமுறை: மகளுக்கு நாங்கள் எப்படி உதவுவது?

வைகைக்கரை (சான் ஹோசே பக்கம்), ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் 11-ஆம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்தால் 12-ஆம் வகுப்பு. நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆஃப், கவுன்சிலிங், எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கட்-ஆஃப் தெரிந்ததுமே எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று வீட்டில் ஓரளவு கணக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே அமெரிக்காவில் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் கட்டுரை எழுது, இதுவரை என்னென்ன செய்தாய் என்று பட்டியல் போடு, ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கு என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது என்றே புரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லி ஒரு தனியார் ஆலோசகரிடம் பேசினோம். பல ஆயிரம் டாலர் கேட்கிறார். "இந்தக் கோடையை விட்டால் அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதிலிருந்து என் கணவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பெயர் பெற்ற பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் இரண்டு வாரக் கட்டண முகாம் நடக்கிறது, அதில் சேர்த்துவிடலாம் என்கிறார். மகளோ, போன வருடம் போலவே நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டப் போகிறேன் என்கிறாள். அவளுடைய தோழிகள் கடைகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். நாங்கள் எச்-1பி வேலை விசா, அவள் எங்களைச் சார்ந்த பிள்ளைக்கான எச்-4 விசா, அதனால் அவளுக்கு அந்த வழியும் இல்லை. கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறோம்.

யூசி, அதாவது அரசு நடத்தும் யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவின் வளாகங்கள்தான் முதல் எண்ணம். கூடவே நாலைந்து தனியார் கல்லூரிகள். கணினி அறிவியலா உயிரியலா என்று அவளுக்கே இன்னும் தெளிவில்லை. இந்த இரண்டு மாதத்தில் பெற்றோராக நாங்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்காந்தள், ஜூன் 9

வணக்கம் தோழி. நான் கலிபோர்னியாவில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில், மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. எங்கள் பள்ளியில் அதைவிட நிறையவே அதிகம். பள்ளி திறந்த பிறகு ஒரு பிள்ளையோடு நிதானமாக உட்கார எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கோடையைப் பற்றி யாராவது கேட்டால் நீளமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். கட்டுரைக்கு முன்னால், கல்லூரிப் பட்டியலுக்கும் முன்னால். நம் வீடுகளில் இதைத்தான் கடைசிவரை பேசுவதில்லை. "நீ நல்ல காலேஜ்ல இடம் வாங்கு, மிச்சத்தை அப்பா பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு கட்டணத்தைப் பார்த்து, போக வேண்டாம் என்கிறார்கள். ஆசைப்பட்ட இடம் கிடைத்தும் போக முடியாமல் எங்கள் அலுவலகத்தில் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் கணவரும் இந்த வாரமே உட்கார்ந்து, வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 17 வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

உங்கள் விசா நிலையில் இது இன்னும் முக்கியம். எச்-4 பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா என்ற அரசு விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவித்தொகையோ கல்விக் கடனோ கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில், இங்கேயே பள்ளிப் படிப்பு படித்திருந்தாலும், நிதி உதவி என்று வரும்போது வெளிநாட்டு மாணவர் வரிசையில்தான் வைப்பார்கள். அந்த வரிசையில் "எனக்கு உதவி தேவை" என்று எழுதினால், இடம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவையே அது பாதிக்கலாம். அப்படிப் பாதிக்காது என்று அறிவித்திருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை. அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும். அதனால் பட்டியலில் ஒரு தனியார் கல்லூரியைச் சேர்க்கும் முன் அதன் நிதி உதவி அலுவலகத்துக்கு மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: "நான் எச்-4, இங்கே பள்ளி முடிக்கிறேன், என்னை எந்தப் பிரிவில் பார்ப்பீர்கள்?" பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும். மத்திய அரசு உதவி பெறும் கல்லூரிகள் அதை வைத்தே ஆக வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். ஆனால் உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. உங்களுக்கு அதில் வரும் தொகையை அப்படியே நம்ப வேண்டாம்.

நல்ல செய்தி யூசியில் இருக்கிறது. எச்-4 உள்ளவர்கள் கலிபோர்னியாவில் வசிப்பிடம் நிலைநாட்டி, மாநிலத்தவருக்கான கட்டணத்தில் படிக்க முடியும். வெளி மாநிலத்தவருக்கு விதிக்கும் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல், அதனால் இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் தானாக நடக்காது. மகள் உங்களைச் சார்ந்திருக்கும் பிள்ளை என்பதால் பெற்றோர் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாநில வருமான வரிப் படிவம், வீட்டு வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு, விசா அனுமதிக் கடிதம், ஊருக்குப் போய் வந்த தேதிகள், இவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கணவருக்குத் தூக்கம் வரவில்லை என்றீர்கள் அல்லவா, இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். முழுக்க முழுக்கப் பெற்றோரின் வேலை இது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்து பட்டியல். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரையும் அதையும் சேர்த்துத் தேடினால் வரும். அதில் சி7 என்ற பகுதியை மட்டும் பாருங்கள். மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், அந்தக் கல்லூரிமேல் ஆர்வம் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் அந்தக் கல்லூரி எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்று அவர்களே குறித்திருப்பார்கள். ஆலோசகர் பணம் வாங்கிக்கொண்டு சொல்வதில் பாதி இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யூசியும் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் அந்த மதிப்பெண்ணைச் சேர்க்கை முடிவுக்குப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி, ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், கால்டெக் போன்றவை மறுபடியும் கேட்கத் தொடங்கிவிட்டன. பட்டியலில் அப்படி எதுவும் இல்லையென்றால் கோடையை அதற்குக் கொடுக்க வேண்டாம். இருந்தால், அந்தத் தேர்வுக்கான ப்ளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியில் பயிற்சியும் இலவசமாகவே இருக்கின்றன.

இப்போது கட்டுரை. இங்கே நீங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் ஒரு பொதுக் கட்டுரை, அதிகபட்சம் 650 சொல். யூசியில் எட்டுக் கேள்வி கொடுத்து நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். இரண்டும் வேறு வேறு எழுத்து. காமன் ஆப் கட்டுரை ஒரு கதைபோல நடக்கலாம். யூசிக்கு அது தேவையில்லை. கேட்ட கேள்விக்கு நேராக, என்ன செய்தேன், ஏன் செய்தேன், என்ன ஆனது என்று எழுதினால் போதும். வானத்தையும் மழையையும் வர்ணித்துத் தொடங்குவதிலேயே 100 சொல் தீர்ந்துவிடும்.

என்னிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கியதைப் பற்றித்தான் எழுதி வந்தாள். ஒழுங்கான கட்டுரைதான், ஆனால் அவள் அதில் இல்லை. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. என்ன என்று கேட்டேன். அவள் பள்ளிக்கு வரும் பேருந்து அடிக்கடி தாமதமாகிறதாம், எந்த நாளில் எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்கிறாளாம். யாரும் சொல்லவில்லை, தானாகவே. மழை நாளில் எப்படி, அந்த வழியில் பள்ளம் தோண்டியபோது எப்படி என்றெல்லாம் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். கண்காட்சியைப் பற்றிப் பேசியபோது இல்லாத வேகம் குரலில் வந்தது. அதைத்தான் எழுதினாள். பரிசு எதுவும் இல்லாத விஷயம், ஆனால் படித்தவர்களுக்கு அவள் யார் என்று தெரிந்தது.

உங்கள் மகளிடமும் அப்படி ஏதாவது இருக்கும். நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தால் பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள், எதற்கு உட்காருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற ஒன்றை மட்டும்தான். தமிழோ ஆங்கிலமோ, வாய்க்கு வந்தபடி பேசி அவள் தன் போனில் பதிவு செய்துகொள்ளட்டும். எழுதுவது பிறகு. வரிகளைத் திருத்தாதீர்கள். 45 வயதுக்காரர் கை வைத்த வாக்கியம் தனியாகத் தெரியும், தினமும் படிக்கிற எங்களுக்கே தெரிகிறது. ஏஐ எழுதித் தருவதை அப்படியே தன் எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் 2023 முதல் மோசடி என்ற வகையிலேயே சேர்த்திருக்கிறது. அதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

முகாம் பற்றி: பணம் கட்டினால் யாரும் சேரலாம் என்ற முகாம்கள் அந்த வளாகத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். சேர்க்கைக்கு அவற்றால் பெரிய பயன் இருந்து நான் பார்த்ததில்லை. மகளுக்கே அதில் ஆசை இருந்தால் வேறு விஷயம். இரண்டாவது வருடமாக ஒரே நூலகத்துக்குப் போகிற பெண் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவளை அங்கேயே விடுங்கள்.

பாலாற்றுப் பையன், ஜூன் 10

ஆன்ட்டி, நான் இந்த வருடம்தான் பள்ளி முடித்தேன், செப்டம்பரில் யூசி ஒன்றில் சேருகிறேன். தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு உதவியாக இருந்த சில விஷயங்கள். கல்லூரிக்கு என்று தனி மின்னஞ்சல் முகவரி தொடங்கச் சொல்லுங்கள். பள்ளி கொடுத்த முகவரி வேண்டாம், பள்ளி முடிந்ததும் அவர்களே அதை மூடிவிடக்கூடும். மதிப்பெண் பட்டியலின் ஒரு நகலை இப்போதே வாங்கி வைக்கணும். யூசி விண்ணப்பத்தில் பாடங்களையும் கிரேடுகளையும் நாமே பார்த்துப் பார்த்து உள்ளிட வேண்டும், எங்கள் பள்ளி அலுவலகம் ஜூலையில் மூடியிருந்தது.

காமன் ஆப் கணக்கை இப்போதே தொடங்கலாம். ஆனால் ஆகஸ்ட் 1 அன்று புது வருட விண்ணப்பத்துக்கு மாறும்போது, கல்லூரிகளின் தனிக் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் போய்விடும். எல்லாவற்றையும் வெளியே ஒரு கோப்பில் எழுதி வைப்பது நல்லது. யூசி விண்ணப்பமும் ஆகஸ்ட் 1 திறக்கும், ஆனால் அக்டோபர் 1 முதல்தான் அனுப்ப முடியும்.

செயல்பாடுகள் பட்டியலில் காமன் ஆப் 10 இடம் தரும், ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத 150 எழுத்துதான். சொல் இல்லை, எழுத்து, இடைவெளியும் சேர்த்து! வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்கும் அதில் தனிப் பிரிவு இருக்கிறது. நான் தினமும் தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதை எழுதினேன். முதலில் அதெல்லாம் கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. சாப்பிடும்போது கட்டுரை பற்றிக் கேட்காதீர்கள், ப்ளீஸ். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை மட்டும்தான் அந்தப் பேச்சு என்று அம்மா வைத்துவிட்டார். மற்ற நாட்களில் நானாகவே போய்ச் சொன்னேன்.

கொங்குத் தமிழன் (டெக்சாஸ்), ஜூன் 10

சகோதரி, எங்கள் மாநிலத்தில் கணக்கு வேறு. டெக்சாஸ் பள்ளிகளில் வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்பது 1997-இல் வந்த சட்டம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது 6 சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றால் கேட்ட பாடமும் உறுதி என்று அர்த்தம் இல்லை. கணினி அறிவியலுக்குத் தனிப் போட்டி. இங்கே இதைப் படிக்கிற டெக்சாஸ் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஆலோசகர் விஷயத்தில் செங்காந்தள் அக்காவிடம் சற்று வேறுபடுகிறேன். எங்கள் மகனுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒருவரிடம் பட்டியலை மட்டும் காட்டிக் கருத்து கேட்டோம், பயன் இருந்தது. முழுப் பொதியாக விற்பவர்களிடம்தான் கவனம் வேண்டும். இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

செங்காந்தள், ஜூன் 10

கொங்குத் தமிழன் சொல்வது நியாயம். பட்டியலை ஒருமுறை வெளியாள் பார்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. கட்டுரையில் அவர்கள் கை படக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாலாற்றுப் பையன், உன் தமிழ் நன்றாக இருக்கிறது, தம்பி.

வைகைக்கரை, ஜூன் 15

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு மாலை மூன்று பேரும் உட்கார்ந்தோம். எங்களால் எவ்வளவு முடியும் என்று கணவர் சொன்னார். மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளே பட்டியலைத் திறந்து இரண்டு தனியார் கல்லூரிகளை எடுத்துவிட்டாள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவள் எங்களிடம் இன்னும் தாராளமாகப் பேசுகிறாள். முகாம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. வீட்டு ஒப்பந்தங்களைத் தேடி எடுக்கும் வேலையில் கணவர் இறங்கிவிட்டார்.

அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. ஆசிரியர்களிடம் கடிதம் கேட்காமலே பள்ளி மூடிவிட்டது. இப்போது என்ன செய்வது? அப்புறம், முதலில் கம்யூனிட்டி காலேஜ் (கட்டணம் குறைந்த உள்ளூர் அரசுக் கல்லூரி) போய்விட்டு யூசிக்கு மாறலாமா என்று மகளே கேட்கிறாள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கணவர் தயங்குகிறார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

செங்காந்தள், ஜூன் 15

கடிதத்துக்குப் பதற வேண்டாம். யூசி முதல் விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்பதே இல்லை. தனியார் கல்லூரிகளுக்குத்தான் வேண்டும். 11-ஆம் வகுப்பில் பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களுக்கு மகள் இப்போதே சின்னதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். விடுமுறையில் பதில் வராமல் போகலாம், பள்ளி திறந்த முதல் வாரம் நேரில் போய்க் கேட்கட்டும். அந்த வகுப்பில் எந்த வேலை அவளுக்குப் பிடித்தது, எதில் திணறினாள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் ஆசிரியருக்குப் பெரிய உதவி. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று காமன் ஆப் கேட்கும். விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், அப்போதுதான் அந்தக் கடிதத்தைக் கல்லூரி முழுமையாக நம்பும்.

கம்யூனிட்டி காலேஜ் பற்றி உங்கள் மகள் கேட்டிருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கலிபோர்னியாவில் அது பின்வாசல் அல்ல, மாநிலமே திட்டமிட்டுப் போட்ட பாதை. டேக் என்ற உத்தரவாதத் திட்டம் ஆறு யூசி வளாகங்களில் இருக்கிறது: டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். குறிப்பிட்ட பாடங்களை முடித்து, கேட்ட ஜிபிஏவை (சராசரி மதிப்பெண்) வைத்திருந்தால் மாறும்போது இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அந்தத் திட்டத்தில் இல்லை, ஆனால் அவையும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை ஆண்டுதோறும் நிறையச் சேர்த்துக்கொள்கின்றன. கணினி அறிவியல் மாதிரி நெருக்கடியான பாடங்களுக்குச் சில வளாகங்கள் டேக் தருவதில்லை, வளாகம் வளாகமாகப் பார்க்க வேண்டும். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யூசி பாடத்துக்குச் சமம் என்று அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் போட்டிருக்கிறார்கள்.

பாடம் எது என்று தெளிவில்லாத பிள்ளைக்கு, குறைந்த செலவில் இரண்டையும் படித்துப் பார்க்க இரண்டு வருடம் கிடைக்கிறது. சொந்தக்காரர்கள் கட்டணம் கட்டப் போவதில்லை, கணவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கம்யூனிட்டி காலேஜ் வழி போனால் யூசியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாள் வரும். கிரீன் கார்டு அதற்குள் வரவில்லையென்றால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், மாநிலத்தவர் கட்டணமும் அதனால் பாதிக்கப்படலாம். நேரடியாக யூசி போனாலும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். யூசி வளாகத்தின் வசிப்பிட அலுவலகத்துக்கும் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கும் இந்தக் கோடையிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். மகளின் பிறந்த தேதி, உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி (வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) இரண்டையும் அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.